பெயரைப் போட்டேன், கேட்கவில்லை

மார்ச் 3

கடையின் இணையப் பக்கம் தூங்கி வழிகிறதாம். முதலாளி காலையிலிருந்து அதே பாட்டு. வெறும் விக் படத்தைப் போட்டால் யார் பார்ப்பார்கள்? தேடிக்கொண்டே போனதில் ஒரு பெண்ணின் படம் கிடைத்தது. புற்றுநோய் சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டி, மொட்டைத் தலையுடன் ஜன்னலோரம் நின்று வாய்விட்டுச் சிரிக்கிறார். அவரே தன் பக்கத்தில் போட்டிருந்தது. எடுத்து, அருகில் எங்கள் விக் ஒன்றை வைத்து, "இனி கூச்சம் வேண்டாம்" என்று எழுதிப் போட்டேன். கீழே பொடி எழுத்தில் அவர் பெயர். பெயரைப் போட்டாயிற்று, பிறகென்ன?

மார்ச் 4

இரண்டாயிரம் பேருக்கு மேல் பிடித்திருக்கிறது. முதலாளி தன் கையாலேயே டீ கொண்டுவந்து வைத்தார். ஆறு வருடத்தில் முதல் முறை.

மார்ச் 5

அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வரி: "அது என் படம். என்னைக் கேட்டீங்களா?"

பதிலை எழுதி எழுதி அழித்தேன்.

மார்ச் 6

"சத்தமில்லாம எடுத்துடு. பதில் போட்டா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் முதலாளி. எடுத்துவிட்டேன். அதற்குள் வேறு பதினோரு பக்கங்களில் போய் உட்கார்ந்துவிட்டது, நான் எழுதிய வரியோடு.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் பாக்கத்தானேக்கா போட்டாங்க?" என்றேன்.

"கொடியில காயிற சட்டையும்தான் எல்லார் கண்ணுக்கும் தெரியுது. எடுத்து மாட்டிக்குவியா?"

"அவங்க பேரைப் போட்டேனே!"

"திருடின சட்டையில சொந்தக்காரி பேரையும் தச்சுட்டேங்கிற."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9

அந்தப் பெண்ணே கடைக்கு வந்துவிட்டார். தலையில் நகக்கண் அளவு முடி. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"என் பொண்ணுக்கு என்கூட வெளிய வரவே கூச்சம். எனக்குக் கூச்சமில்லடின்னு அவளுக்குக் காட்டத்தான் அந்தப் படத்தப் போட்டேன். நீங்க எழுதினதப் படிச்சுட்டு, 'அப்போ சும்மா சிரிச்சியாம்மா'ன்னு கேக்குறா. நான் என்னங்க பதில் சொல்ல?"

முதலாளி உள்ளிருந்து ஓடிவந்தார். "மன்னிச்சுக்கங்கம்மா. புதுப் பொண்ணு. தெரியாம பண்ணிட்டா."

நான் தலையாட்டினேன்.

"அழிச்சா போதாது. கேக்காம எடுத்தோம்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனார்.

மார்ச் 10

புதுப் பொண்ணாம். ஆறு வருஷம்! வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலியே நான். மாடு மாதிரி தலைய ஆட்டிட்டு நின்னேனே — ச்சே.

மார்ச் 12

முதலாளியிடம் கேட்காமல் போட்டேன்: "மூன்றாம் தேதி இங்கே வந்த படம் எங்கள் வாடிக்கையாளருடையது அல்ல. அவர் விக் தேடி வரவில்லை, கூச்சப்படவும் இல்லை. கேட்காமல் எடுத்தவள் நான். புதியவள் அல்ல, ஆறு வருடமாக இங்கே வேலை செய்கிறேன்."

பதினோரு பக்கங்களுக்கும் தனித்தனியாக எழுதினேன்.

மார்ச் 13

பக்கம் என் கையைவிட்டுப் போயிற்று. "கடை மானத்தக் கப்பலேத்திட்ட. இனி தலை அளவு எடுக்குற வேலைய மட்டும் பாரு" என்றார் முதலாளி. வேலை போகவில்லை, அந்த மட்டில் தப்பித்தேன்.

மார்ச் 17

அந்தப் பெண்ணிடமிருந்து: "படிச்சேன். பொண்ணுக்கும் படிச்சுக் காட்டினேன்."

அவ்வளவுதான். மன்னித்ததாக எங்கும் இல்லை. எதற்கு இருக்க வேண்டும்?

மார்ச் 21

ஏழு பக்கங்கள் படத்தை எடுத்துவிட்டன. நான்கு அசையவில்லை. அந்த நான்கிலும் அவர் இன்னும் என் வரிக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 2

மதியம் ஓர் அம்மா வந்தார். தலைத்துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லியும் உட்காரவில்லை. "இங்க போட்டோ எடுப்பீங்களா?"

"இல்லம்மா."

"ஆறு வருஷமா வேலை செய்யுறேன்னு எழுதினது நீங்களா?"

"ஆமாம்மா" என்றேன். போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, துணியின் முடிச்சை மெதுவாக அவிழ்த்தார்.