ஹங்கேரியில் நான் பிடித்த இரத்தச் சட்டி

என் ஆசை அப்பா,

உங்களுக்கு ஒரு புதினம் சொல்லவேண்டும். கோபிக்காமல் கேளுங்கள். நீங்கள் எங்கே கோபித்தீர்கள், கோபமெல்லாம் எனக்குத்தானே! இந்தத் தை மாதம் நாங்கள் ஹங்கேரியில் ஒரு கிராமத்துக்குப் போய் வந்தோம். அங்கே ஒரு பன்றியின் கழுத்துக்குக் கீழே சட்டி பிடித்தேன். அந்த இடத்திலேயே என் பத்தொன்பது வருடப் பொய்யும் வெளியே வந்துவிட்டது.

என்ன பொய் என்று உங்களுக்குத் தெரியும். வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் அப்பா சிட்னியில் இறைச்சி மடுவத்தில் மாடு வெட்டினவர். நான் என் மாமியார் வீட்டுக்குச் சொன்னது, சாப்பாட்டுக் கொம்பனியில் மனேஜர் என்று. நீங்களும் அவர்கள் முன்னால் கோட் போட்டுக்கொண்டு, "இப்ப ஸ்டாஃப் பிடிக்கிறது பெரிய கரைச்சல்" என்று கதைத்தீர்கள். ஏன் அப்பா? என் கன்னத்தில் ஒன்று போட்டிருக்கலாமே?

சிட்னியில், கெல்லிவில் பக்கத்து வெயிலில் வெந்துகொண்டிருந்த எங்களை என் கணவர் முரளிதான் அங்கே கூட்டிக்கொண்டு போனார். முழங்காலளவு பனி. நாங்கள் தங்கிய வீட்டுக்குப் பின்னால் ஓக் மரக்காடு, அதற்குள் காட்டுப்பன்றி கிண்டிய பள்ளங்கள், பெயர் தெரியாத பறவைகள். வீட்டுக்காரி இலோனா பாண் துண்டில் வாத்துக் கொழுப்பைப் பூசி, மேலே பச்சை வெங்காயம் வைத்துத் தந்தாள். "இதெல்லோ இயற்கைச் சாப்பாடு!" என்று முரளி உருகினார். இயற்கை எப்படி என்று அடுத்த நாள் காலை பார்த்தார்.

பன்றி வெட்டுகிற நாள் அங்கே ஒரு திருநாள். வெட்டுகிறவனுக்குத்தான் முதல் குவளைப் பழச்சாராயம். அயலட்டமெல்லாம் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கியது. உங்கள் கையை யார் அப்படிக் குலுக்கினார்கள்?

நாலு பேர் பன்றியை இழுத்து வந்தார்கள். கத்தி குறி பிழைத்தது. குத்துப்பட்ட பன்றி குழறித் திமிறி, ஒருவனை மதிலோடு அடித்து, சட்டியோடு நின்ற இலோனாவை விழுத்திவிட்டு ஓடியது. பனியெல்லாம் இரத்தம். இலோனாவின் கை முறிந்து தொங்கியது. என் மகள் மீரா, "ஸ்டொப்! ஸ்டொப் இற்!" என்று கத்தினாள். முரளி கண்ணைப் பொத்திக்கொண்டார். வெட்டுகிறவன் பாய்ந்து முழங்காலால் அமுக்கி, கண்ட இடத்தில் குத்தினான். அது சாகவில்லை. வாயில்லாச் சீவனை இப்படியா வதைப்பது?

"டேய் விசரா! கீழ இறக்கடா! நெஞ்சுப் பக்கம்!"

தமிழில்தான் கத்தினேன். ஓடிப்போய்க் கழுத்தடியில் விரலை வைத்துக் காட்டினேன். அவன் என்னை ஒருதரம் பார்த்தான். கத்தி இறங்கியது. நான் சட்டியைப் பொறுக்கிக் கீழே பிடித்து, கைநிறைய உப்புப் போட்டு, கட்டிபடாமல் கையை முழங்கைவரை விட்டுக் கலக்கினேன். மன்னாரில் நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் ஆடு வெட்டும்போது எட்டு வயதில் செய்த வேலைதான். பன்றி உதைத்த உதையில் என் தொடை கன்றிப்போனது. அது அடங்கும்வரை நான் விடவில்லை.

இலோனாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். வெட்டுகிறவன் தன் குவளையை என்னிடம் நீட்டினான். ஒரே மடக்கில் குடித்தேன்.

முரளியின் முகம் வெளிறியிருந்தது. "ஜெசி, உதெல்லாம் எங்க பழகினீர்?"

"அப்பாட்ட. அவர் மனேஜர் இல்லை. மடுவத்தில மாடு வெட்டினவர். விளங்கிச்சோ?"

அதற்கு அவர் சொன்னது இதுதான்: "எங்கட அம்மாவுக்குச் சொல்லிப்போடாதயும்."

பக்கத்தில் கிடந்த இரத்தம் தோய்ந்த அகப்பையைத் தூக்கி எறிந்தேன். அவர் தோளில் பட்டு, ஜாக்கெட் முழுக்க இரத்தம். இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் வீட்டில் என்னோடு அரைவாசிதான் கதைக்கிறார்.

மத்தியானம் அந்த இரத்தத்தை வெங்காயத்தோடு வறுத்து வைத்தார்கள். நீங்கள் செய்கிற இரத்த வறைதான், தேங்காய்ப்பூ மட்டும் இல்லை. நான் இரண்டாம் வாய் வைக்கும்போது மீரா மெல்லக் கேட்டாள்.

"அம்மா, அப்ப தாத்தாட ஃபிங்கர்ஸ்? அது கார் டோர் இல்லையா?"

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன் அப்பா. என் நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மடுவத்தில் எலும்பு அறுக்கிற வாள் உங்கள் இரண்டு விரலைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த நான் உங்களுக்கு நோகுதோ என்று கேட்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை அவையளுக்கு என்ன சொல்லப்போறியள்?" என்றுதான் கேட்டேன். கட்டுப்போட்ட கையோடு கிடந்த நீங்கள், "கார் கதவு எண்டு சொல்லுவம் மகள். நீ அழாத" என்றீர்கள். நான் அழுதது விரலுக்காக என்று நினைத்தீர்களா?

மீரா எழும்பி, காட்டுப் பக்கம் தனியே நடந்து போனாள்.

வருகிற மாதம் உங்கள் முதலாம் ஆண்டு நினைவு. பூசை முடிய மண்டபத்தில் கொடுக்கிற நினைவு மலரில் இந்தக் கடிதம் முழுதாக அச்சாகிறது. "விரல் கதையை மட்டும் எடுத்துவிடும்" என்று முரளி கெஞ்சினார். எடுக்கமாட்டேன். மாமியார் முன்வரிசையில் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நானே எழுந்து இதை வாசிப்பேன். ஒரு வரி விடமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

நோகுதோ அப்பா?

மாடு வெட்டின சூசையின் மகள்,
ஜெசிந்தா