வடக்கு வீட்டுப் பேரன்

ஆவணி 12, வெள்ளிக்கிழமை

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி எழுதுகிறாள்.

நாளை பேரனுக்கு எங்கள் அப்பா பெயரை வைக்கிறோம். இன்று அண்ணன் வந்து மறித்தார். "ஏலே, அது என் பேரனுக்கு வச்ச பேரு. நீயும் வச்சேன்னா உன் வாசலை மிதிக்க மாட்டேன்." பருத்திப் பொதியோடு என்னையும் தூக்கிச் சுமந்த அப்பா, எனக்கும் அப்பாதானே?

அந்நேரம் வடக்கு மாசிடோனியாவில் கட்டட வேலை பார்க்கும் என் மகன் போனில் வந்தான். சண்டையைக் கேட்டுச் சிரித்தான்.

"இங்கனயும் இதே வம்புதான், பெரியப்பா. நாட்டுக்கு மாசிடோனியான்னு பேரு வச்சதுக்கு, அது எங்க பேருன்னு பக்கத்து கிரீஸ்காரவிய வருசக்கணக்கா மல்லுக்கு நின்னாவ. முன்னால 'வடக்கு'ன்னு சேத்த பெறவுதான் ராசியானாவ."

அண்ணன் தாடியைச் சொறிந்தார். "உன் வீடும் எனக்கு வடக்கதானலே இருக்கு? முன்னால 'வடக்கு வீட்டு'ன்னு சேத்துக் கூப்பிடு." பிறகு பேரனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பவே மனமில்லை அவருக்கு.

எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. பேரனின் முழுப் பெயரையும் எழுது என்கிறேன். "மாமனார் பேரை நான் எழுதவா? முன்னால உள்ளதை மட்டும் போடுதேன்" என்கிறாள்.

வடக்கு வீட்டு