கையில் கப்பல் நேரம்

இலோயிலோ, மார்ச் 3

அன்பு ரோடெல்,

போனில் உன் குரல் பாதியிலேயே அறுந்துபோகிறது. அதனால் பழையபடி எழுதிவிடுகிறேன். கப்பலில் நெட் கிடைக்கும்போது படி.

நான் வாங்கித் தந்த ஸ்மார்ட்வாட்சைக் கழற்றாமல் கட்டியிருக்கிறாய் என்று என் போன் காட்டுகிறது. நாடி அறுபத்திரண்டாம்! கிளம்புவதற்கு முன் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனா இது? வாய்வுதான் என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. இப்போது கொஞ்சம் நம்பலாம் போலிருக்கிறது.

உன் பழைய சாவி கொடுக்கிற கைக்கடிகாரம் வழக்கம்போல் என் கையில், கப்பல் நேரத்தில் ஓடுகிறது. நம் நூடுல்ஸ் கடைக்கு வந்த உன் தங்கைக்கு ஒரே கேலி: "ஏன் அண்ணி, கையில புருஷனோட நேரம், போன்ல புருஷனோட நாடி. நூடுல்ஸ்ல சூப் ஊத்தக் கை மிச்சம் இருக்கா?"

நேரம் மாற்றினால் உடனே எழுது.

உன் மெர்லி

*

கப்பலிலிருந்து, மார்ச் 8

என் மெர்லி,

நேற்றோடு இரண்டு மணி பின்னுக்குத் தள்ளிவிட்டோம். நீயும் தள்ளு. உண்மையில் எதற்கு இந்தத் திருகல் வேலை? புது வாட்ச் தானாகவே மாறிக்கொள்கிறது. நாடி, நடை, தூக்கம் எல்லாம் சொல்கிறது. அந்தக் கிழட்டுக் கடிகாரத்துக்குப் பின்தங்குவதைத் தவிர என்ன தெரியும்? அலமாரியில் போடு.

எனக்கு அதே டூட்டிதான். பகலில் பன்னிரண்டு முதல் நாலு, இரவிலும் பன்னிரண்டு முதல் நாலு, எஞ்சின் அறையில் வேகிறேன். சமையல்கார டிண்டோ விடியும் முன் எழுந்து சுடும் ரொட்டிதான் ஒரே சுகம். இந்தப் பயணம் முடிந்தால் என்னை சீஃப் எஞ்சினியர் ஆக்குவதாகக் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை வருடக் கனவு, உனக்கே தெரியும். அதனால் வாய்வு, நெஞ்சு என்று யாரிடமும் பேச்சு வளர்க்காதே.

ரோடெல்

*

இலோயிலோ, மார்ச் 15

ரோடெல்,

மதியக் கூட்டம் கலைந்ததும் போனைப் பார்த்தேன். நீ ஆழ்ந்து தூங்குகிறாய் என்றது. கையைத் திருப்பினேன். உன் கடிகாரத்தில் பகல் ஒரு மணி. நீ எஞ்சின் அறையில் நிற்க வேண்டிய நேரம்!

உடம்பு சரியில்லையோ என்று பயந்து முந்தைய நாட்களின் பதிவையும் பார்த்தேன். தினமும் அதே கதை. டூட்டி நேரத்தில் தூக்கம். டூட்டி முடிந்து நீ படுக்கிற நேரத்தில் சுறுசுறுப்பாக நடை.

என் வாட்ச் எவள் கையில் இருக்கிறதோ என்று முதலில் கொதித்தேன். அப்புறம் ரொட்டி ஞாபகம் வந்தது. விடியும் முன் எழுந்து, மதியம் தூங்குகிறவன் உன் டிண்டோதானே? அவன் நாடியைப் பார்த்தா நான் இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன்? எவளாவது இருந்திருந்தாலே தேவலை ரோடெல். அதற்கு எனக்குச் சண்டை போடத் தெரியும். இதற்கு என்ன செய்வது?

மெர்லி

*

கப்பலிலிருந்து, மார்ச் 17

மெர்லி,

பிடித்துவிட்டாய். முதல் இரண்டு நாள் நான்தான் கட்டினேன். எஞ்சின் அறைப் படி ஏறும்போதெல்லாம் அது கையில் அதிர்ந்து எச்சரித்தது. நெட் கிடைத்து நீ பார்ப்பதற்குள் அதையெல்லாம் அழித்துவிட்டு டிண்டோவிடம் கொடுத்தேன். "அண்ணே, என் நாடியப் பாத்து அண்ணிக்குப் பாசம் பொங்கிட்டா நான் பொறுப்பில்ல" என்று சிரித்தான். நேற்று உன் கடிதத்தைக் காட்டினேன். உடனே கழற்றி என் கையில் கட்டிவிட்டுப் போனான்.

இனி தெரிவதெல்லாம் என்னுடையது. பார். ஆனால் கம்பெனியில் மட்டும் வாய் திறக்காதே. சீஃப் ஆகிவிட்டால் நீ சொல்கிற டாக்டரிடம் வருகிறேன். எனக்கு வாக்குக் கொடு.

இன்று இன்னொரு மணி பின்னுக்குத் தள்ளு.

ரோடெல்

*

இலோயிலோ, மார்ச் 18

அன்பு ரோடெல்,

பார்த்தேன். நீ தூங்கும்போதே நூற்றுமுப்பது. நடுநடுவே தடுமாறி நின்று, மறுபடி ஓடுகிறது. உரித்துக்கொண்டிருந்த பூண்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. நேராகக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். போனைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர், "இதை மேல சொன்னா அவர் மறுபடி கப்பல் ஏற முடியாதும்மா. நல்லா யோசிச்சீங்களா?" என்றார். "யோசிச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன், மேல சொல்லுங்க" என்றேன்.

இதைப் படிப்பதற்குள் கேப்டன் உன்னை எஞ்சின் அறையிலிருந்து மேலே கூப்பிட்டிருப்பார். அடுத்த துறைமுகமான டர்பனில் டாக்டர் காத்திருப்பார்.

நீ சீஃப் ஆகப்போவதில்லை. அதற்குக் காரணம் நான்தான். வந்து கத்து. என்னோடு பேசாதே. உன் தங்கை வீட்டிலேயே இருந்துகொள். ஆனால் உயிரோடு இறங்கு.

புது வாட்சைக் கழற்றாதே. பழையதை நம் ஊர் நேரத்துக்குத் திருப்பிவிட்டேன். இனி நீ எத்தனை மணி தள்ளச் சொன்னாலும் தள்ள மாட்டேன்.

மெர்லி