இடதுகைத் துப்பாக்கி

ஜூன் 8, ஞாயிறு

சென்னையில் துப்பாக்கிக் கடைக்குப் போய் வந்தோம். லைசென்ஸ் இன்னும் வரவில்லை. எதை வாங்குவது என்று பார்த்து வைக்கத்தான். தனியாகப் போகிறேன் என்றேன். மணிபாரதி அண்ணன் விட்டால்தானே.

இரட்டைக்குழல் எனக்கு ஒத்துவராது. துப்பாக்கி கிளப்பில், பறக்கவிடும் களிமண் தட்டுகளை நாள் முழுக்கச் சுட்டால் தோள் கன்றிவிடுகிறது. செமி ஆட்டோமேட்டிக்கில் உதை குறைவு. அதுவரை அண்ணனும் தலையாட்டினான். கடைக்காரர், என்னைப் போன்ற இடதுகைக்காரர்களுக்கென்றே செய்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சுட்ட தோட்டாவின் உறை இடப்பக்கமாக வெளியே தெறிக்குமாம். கிளப் துப்பாக்கியில் அது வலப்பக்கம் தெறித்து என் மூக்கை உரசுகிற மாதிரிப் பறக்கிறது. புகை கண்ணில் அடிக்கிறது. இதைத் தோளில் வைத்ததுமே முடிவு செய்துவிட்டேன்.

அண்ணன் அதை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டான். "இது இன்னாத்துக்கு? எல்லாரும் புடிக்கிற மாதிரி ஒண்ணு காட்டுங்க."

எல்லாரும் என்றால் யார்? வீட்டில் சுடுகிறவள் நான் ஒருத்திதானே?

ஜூன் 10

குழல் நீளம் குறைவாகக் கிடைக்குமா என்றும் கடைக்காரரிடம் அண்ணன் கேட்டிருக்கிறான். பறக்கிற தட்டுக்கு நீளக் குழல்தான் வேண்டும். இவன் எதைச் சுடப் போகிறான்?

ஜூன் 19, வியாழன்

தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூட வேலை முடிந்து ஸ்கூட்டரில் வருகிறேன். எங்கள் கரும்புக் கொல்லை வரப்பில் நின்று, பக்கத்து நிலத்து அன்புராஜைப் பார்த்து அண்ணன் கத்துகிறான். பழைய வாய்க்கால் தகராறு. "எந்தங்கச்சிக்கு லைசென்ஸ் வரட்டும்டா. அப்பறம் மடைல கை வச்சிப் பாரு!"

அன்புராஜ் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

போன வருஷம் அவரை அடித்த கேஸ் அண்ணன் பேரில் நிற்கிறது. அவனுக்கு லைசென்ஸ் தரமாட்டார்கள். நான் போட்டியில் ஜெயித்தபோது எங்கள் ஊர் நெட்டப்பாக்கம் முழுக்க ஸ்வீட் கொடுத்தானே — இதுக்குத்தானா? சீ.

ஜூலை 2

சாப்பிடும்போது நேராகவே கேட்டேன்.

"நெஜமாவா சுடப்போறன்? சும்மா காட்றதுக்குடி. வூட்ல ஒண்ணு இருந்தா அவன் வாலாட்ட மாட்டான்."

"என் பேர்ல வாங்கறது என் கையிலதான் இருக்கும்."

தட்டை வீசினான். சுவரெல்லாம் குழம்பு. "உன்ன கிளப்புக்கு இட்டுனு போனதே நாந்தான். எங்கிட்டயே சட்டம் பேசறியா?"

மஞ்சுளா அண்ணி என்னைத்தான் முறைத்தாள். "அனுசரிச்சிப் போனா இன்னா, வெண்ணிலா?"

அனுசரிக்கணுமாம்! அவன் சுட்டுட்டா ஜெயிலுக்குப் போறது யாரு? இவளா?

ஜூலை 11, வெள்ளி

லைசென்ஸ் விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள் என்றார். அண்ணன் முந்திக்கொண்டான். "பீரோவுல சார். சாவி எங்கிட்ட பத்திரமா இருக்கும்."

ஆனாலும் சொல்லிவிட்டேன். "வீட்டுல வைக்க மாட்டேன் சார். துப்பாக்கிக் கடையிலயே ஒப்படைச்சி வைப்பேன். பயிற்சிக்கும் போட்டிக்கும்தான் எடுப்பேன். இவர் மேல கேஸ் இருக்கு, இவர் கைக்குப் போகக்கூடாது. எழுதிக்குங்க."

ஜீப் தெருமுனை திரும்பியதும் அறைந்தான். பையைத் தூக்கி வாசலில் எறிந்தான். "காட்டிக் குடுத்தவ இங்க இருக்கக் கூடாது."

வில்லியனூரில், அர்ச்சனா வீட்டு மாடி அறையில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவள். ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தாள். காது இன்னும் இரைகிறது. அழவில்லை. அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

லைசென்ஸ் வந்துவிட்டது. இடதுகைக்கானதையே வாங்கினேன். முதல் சுற்றில் பாதித் தட்டுகள் முழுசாகத் தரையில் விழுந்தன — முகத்துக்கு முன்னால் எதுவும் பறக்காததே எனக்குப் புதிது. பிறகு உடையத் தொடங்கின.

சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லை. அண்ணனிடம் சொல்லத் தோன்றியது. அதுதான் எரிச்சல்.

நவம்பர் 7, வெள்ளி

பள்ளிக்கூட வாசலில் மழையில் அண்ணி நின்றிருந்தாள். குழந்தை இடுப்பில்.

கொல்லையில் தேங்கிய தண்ணீரை அன்புராஜ் எங்கள் பக்கம் வடியவிட்டாராம். அண்ணன் வீட்டுக்குள் ஓடிவந்து வெறும் பீரோவை எட்டி எட்டி உதைத்திருக்கிறான். "அது மட்டும் இருந்திருந்தா!" என்று கத்திக்கொண்டே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். அன்புராஜுக்குக் கை முறிவு, தலையில் தையல். பிழைத்துக்கொண்டார். அண்ணன் ரிமாண்டில்.

ஜாமீனுக்கு என்னைக் கூப்பிட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "அந்த வூட்டுக்கு நான் வரமாட்டேன் அண்ணி."

"வர வாணாம்." குழந்தையின் தலையை முந்தானையால் துடைத்தாள். "அவரு வெளிய வந்தா... நாங்க ரெண்டு பேரும் உங்கூட வந்து இருக்கலாமா?"

மாடி அறை சின்னது. அர்ச்சனாவிடம் இன்னொரு பாய் கேட்டிருக்கிறேன்.