சாயங்காலம்தான் முதலில்

5 மே 1952, திங்கள்

இன்றும் மழை இல்லை. தாடிக்கொம்பு ரோட்டில் செருப்பு அறுந்துபோய், பாதி வழி வெறுங்காலோடு வந்தேன். பாதம் இரண்டும் கொப்பளித்துவிட்டது.

கோயில் தெருவில் ஏழு பெண்களுக்கு வேதம் வாசித்தேன். ஆறு பேர் தூங்கினார்கள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வாசிப்பதுதான் மிஷன் எனக்குக் கொடுத்த வேலை. ஊருக்கு நான் பைபிளம்மா. ஞானப்பூ என்று கூப்பிட என் வீட்டுக்காரர் ஒருவர்தான் இருக்கிறார், அவரும் வாயைத் திறந்தால்தானே!

தூங்காத ஒருத்தி அய்யம்மாள். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் வாசித்தேன். அதில் ஒவ்வொரு நாளுக்கும் சாயங்காலம் முதலில் வருகிறது, விடியல் பிறகு வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டாள். "விடிஞ்சாத்தான பைபிளம்மா நாளு? நம்ம சாமிக்கு மட்டும் பொழுது சாஞ்சாத்தான் நாளா?"  பதில் தெரிந்த மாதிரி சிரித்துவைத்தேன்.

8 மே, வியாழன்

மூன்று நாளாக அதே அதிகாரம். அய்யம்மாள் கேட்டது சரிதான். நாள் சாயங்காலத்தில்தான் தொடங்குகிறது. ஆறு தடவை சொல்லியிருக்கிறது. இத்தனை வருஷம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கர்த்தர் வெளிச்சத்தை உண்டாகச் சொன்னார். இருட்டை உண்டாகச் சொன்னதாக எங்குமே இல்லை. அது முன்னாலேயே ஆழத்தின் மேல் கிடக்கிறது. யார் போட்டது? அவர் அதைப் பிரித்து ஒரு பக்கம் தள்ளி, இரவு என்று பெயர் வைக்கிறார். அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை?

இதற்கு மேல் எழுதப் பயமாக இருக்கிறது. போதும்.

11 மே, ஞாயிறு

போதகர் ஐயாவிடம் கேட்டேன். "அது யூதர் கணக்கும்மா. நமக்கு ஆண்டவர் உயிர்த்த விடியற்காலைதான் கணக்கு. இத ஊருக்குள்ள கொண்டுபோயிக் குழப்பாதீங்க" என்றார். இருட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "தெரியாததத் தெரியாதுன்னு விட்டுரணும்" என்றார். இதற்கா இத்தனை வருஷம் படித்தார்? ஆறாம் வகுப்போடு நின்ற நான் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இல்லை.

17 மே, சனி

என் வீட்டுக்காரர் இன்றும் குடித்துவிட்டு வந்தார். மதுவிலக்காம்! கள்ளிக்காட்டுக்குப் பின்னால் சனிக்கிழமை சாயங்காலமானால் சாராயம் ஆறாக ஓடுகிறது. மோசே என்று ஞானஸ்நானப் பெயர் வைத்து என்ன பிரயோசனம், ஊருக்கு அவர் வெடிக்கார மூக்கையாதான். விவசாயி சோலைமலை வெட்டும் கிணற்றில் பாறைக்கு வெடி வைக்கிறார். அறுபது அடி ஆகியும் தண்ணீர் இல்லை. கூட வேலை செய்கிற மூன்று பேரும் நம் சபைக்காரர்கள்தான், குடிப்பதிலும் கூட்டாளிகள்.

19 மே, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. நாள் சாயங்காலத்தில் தொடங்கினால், கர்த்தருடைய நாளும் சனிக்கிழமை பொழுது சாயும்போதே தொடங்குகிறது. அப்போதே வேலையை நிறுத்த வேண்டும். வீட்டுக்கு வர வேண்டும். விளக்கேற்றி ஜெபம். ஞாயிறு பொழுது சாயும்வரை கிணற்றுப் பக்கமே போகக் கூடாது. அவரோடு வேலை செய்கிற மூன்று பேர் வீட்டுப் பெண்களிடமும் சொன்னேன். மூச்சுக்கூட விடாமல் கேட்டார்கள். என்ன உபதேசம் என்று அவர்களுக்கும் தெரியும், எதற்கு என்றும் தெரியும்.

24 மே, சனி

நாலு பேரும் பொழுதோடு வீடு வந்துவிட்டார்கள். அவர் வேட்டி மாற்றி, தலைசீவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விளக்கு முன்னால் உட்கார்ந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு சனிக்கிழமை கிடையாது. ஸ்தோத்திரம்.

சோலைமலைக்குத்தான் கோபமாம். "ஞாயித்துக்கெழம போறதே பெருசு, இப்ப சனிக்கெழம சாயங்காலமும் போச்சா? எங்க சாமி மழையத் தரல, உங்க சாமி வேல செய்ய விடல" என்று கத்தினாராம். கத்தட்டும்.

31 மே, சனி

மனசு சரியில்லை. எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

அவர் இன்று ஓட்டமும் நடையுமாக வந்தார். ஐந்து துளையில் வெடிமருந்து கெட்டித்து, திரி கொளுத்தி, மேலே ஏறிக் காது கொடுத்திருக்கிறார். "நாலுதான் ஞானப்பூ கேட்டுச்சு. ரெண்டு ஒண்ணாச் சேந்து வெடிச்சுச்சா, ஒண்ணு வெடிக்காமக் கெடக்கான்னு தெரியல." வெடிக்காத துளை இருந்தால் ஒரு வேப்பங்கொப்பைக் கிணற்று வாயில் கட்டிவிடுவார்கள். அதைப் பார்த்தால் எவரும் இறங்க மாட்டார்கள். பொழுது விழுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டுமே என்று கட்டாமலே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "செத்த நேரத்துல போயிக் கொப்பக் கட்டிட்டு, சோலைமலைகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன்."

போகிற வழியில்தான் கள்ளிக்காடு. நான் நம்பவில்லை. "பொழுது விழுந்திருச்சு. கர்த்தருடைய நாளு தொடங்கிருச்சு. வேலையப் பத்திப் பேசுறதும் வேலைதான். நாளைக்கு எவன் எறங்கப்போறான், நாலு பேரும் கோயில்லதான இருப்பீங்க?" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

சரியாகத்தானே சொன்னேன்?

1 ஜூன், ஞாயிறு

ஆராதனை நடுவில் ஒரு சத்தம். ஒன்றே ஒன்று. போதகர் ஐயா கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நம் ஆட்கள் வராத நாளை வீணாக்க வேண்டாம் என்று சோலைமலை பக்கத்து ஊரிலிருந்து சுருளிவேலைக் கூட்டிவந்து கல் அள்ள இறக்கியிருக்கிறார். கடப்பாரை வெடிக்காத துளையில் பட்டு, ஆள் அங்கேயே போய்விட்டார்.

கர்த்தாவே நான் என்ன செஞ்சிட்டேன். போறேன்னாரே. செருப்போட நின்னாரே மனுசன்.

3 ஜூன், செவ்வாய்

போலீஸ்காரர் எத்தனை வெடி கேட்டது என்று கேட்டாராம். "கணக்காக் கேக்கலைங்கய்யா" என்று இவர் சொல்லிவிட்டார். எனக்காகச் சொன்ன பொய். விபத்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். சோலைமலை "நான்தான அவன எறக்குனேன்" என்று மண்ணில் புரண்டு அழுதார். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். 

8 ஜூன், ஞாயிறு

இன்று கோயிலில் ஒருவர் எழுந்து சாட்சி சொன்னார். சனிக்கிழமை பொழுதோடு வேலையை நிறுத்தியதால் நம் நாலு பேரைக் கர்த்தர் காத்தாராம். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். வெளியே வந்தபோது பெண்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அடுத்த தெருவிலும் இந்த உபதேசத்தைச் சொல்ல வேண்டுமாம். போதகர் ஐயா மட்டும் தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

20 ஜூன், வெள்ளி

என் வீட்டுக்காரர் இப்போது குடிப்பதில்லை. பேசுவதும் இல்லை. பொழுது சாய்ந்ததும் விளக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறார், எல்லா நாளும். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்.

உண்மையை இங்காவது எழுதுகிறேன். அந்த வசனத்தை நான் கர்த்தருக்காகத் தேடவில்லை. புருஷனைக் கட்டிப்போட ஒரு கயிறு வேண்டியிருந்தது. வேதத்தில் தேடினேன், கிடைத்தது. போதகர் ஐயா சொல்லியும் விடவில்லை. இருட்டை யார் போட்டது என்று எவ்வளவு பெருமையாகக் கேட்டுக்கொண்டு திரிந்தேன்!

12 ஆகஸ்டு, செவ்வாய்

சுருளிவேலின் பெண்டாட்டி சின்னக்கண்ணு இன்று வீடு தேடி வந்தாள். எங்கள் சபை இல்லை, இதுவரை பேசியதும் இல்லை. வெறும் நெற்றி. மூன்று மைல் நடந்து வந்திருக்கிறாள். "செத்தவுகளப் பத்தி உங்க வேதத்துல இருக்காம்ல. மொதல்ல இருந்து படிச்சுச் சொல்லுக்கா" என்றாள்.

முதல் பக்கத்தை எடுத்தேன். பூமி வெறுமையாய்க் கிடந்ததுவரை வாசித்தேன். அடுத்து இருள் வருகிறது, புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் உள்ளே இருந்து எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார். "சொல்லிரு" என்றார். இரண்டு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

சொல்லிவிட்டேன். ஐந்து திரி, நாலு சத்தம், வேப்பங்கொப்பு, நான் அவரைப் போகவிடாமல் மறித்தது, எதற்காக மறித்தேன் என்பதும். ஸ்டேஷனுக்கு வந்து சொல்லச் சொன்னாலும் வருகிறேன் என்றேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவுக போறேன்னு சொன்னப்ப வெளிச்சம் இருந்துச்சா?"

"பொழுது விழுந்திருச்சு சின்னக்கண்ணு."

"அதக் கேக்கலக்கா. கெணத்துக்குப் போயிட்டு வர வெளிச்சம் இருந்துச்சா?"

இருந்துச்சு என்றேன்.