மாடி ரூமில் ராஜேஸ்வரி

1998 செப்டம்பர் 1, செவ்வாய்

காலையில தூறல். காயப்போட்ட துணி மறுபடியும் உள்ளே. மோட்டார் தண்ணி இழுக்கலை. மெக்கானிக்குக்கு ரெண்டு தடவை போன். வரேன்னான். வரலை.

செய்ய வேண்டியது:
மாடி ரூம் துடைக்கணும். போன வாரம் காலி பண்ணின வெள்ளைக்காரப் பொண்ணு ஜன்னல் கட்டையில மெழுகு உருக்கி வெச்சிருக்கு, சுரண்டணும்.
இவருக்கு பிரஷர் மாத்திரை.
கோதுமை மில்லுக்கு.
டாக்டரம்மா ஆறு மாச செக்கப். அடுத்த வாரம் பார்க்கலாம்.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு மல்லிகா. கையில டை பாக்கெட், பழைய டூத் பிரஷ். "விமலாக்கா, வகிட்டுல ரோடு போட்ட மாதிரி இருக்கு. உக்காருங்க, நான் அடிச்சு விடறேன்."

வேணாம்னேன். பங்குனியில கர்ப்பப்பை எடுத்ததுக்கு அப்புறம் டை அடிக்கவேயில்லை. வேணும்னு நிறுத்தலை. ஒரு மாசம் போச்சு, ரெண்டு மாசம் போச்சு, அப்படியே விட்டுப்போச்சு. ரேடியோ வைக்கிறது, கோலம் பெருசா போடறது, இதுங்களும் அப்படித்தான். துக்கம்னு சொல்ல முடியாது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி. தொட்டா தொட்டது தெரியுது, அவ்ளோதான்.

மல்லிகா விடலை. "எம் மாமியாருக்கு எழுபத்தி ரெண்டு, இன்னும் பாதி கறுப்பு. எனக்கு நாப்பத்தி மூணு, முக்கால்வாசி வெள்ளை. ரெண்டு பேரும் கோயிலுக்குப் போனா பூக்காரி என்னைத்தான் பெரியம்மாங்கறா."

சிரிச்சேன். சிரிக்கணும்னு தெரிஞ்சுது, சிரிச்சேன்.

சாயங்காலம் ஒரு அம்மா வாசல்ல. ரெக்சின் பை, குடை. என் வயசு இருக்கும். முடி கன்னங்கரேல். "பௌர்ணமி வரைக்கும் ரூம் கிடைக்குமாங்க? ஆசிரமம் எதிர் டீக்கடையில உங்க வீட்டைக் காட்டினாங்க." பேரு ராஜேஸ்வரி. ஊரு குடியாத்தம். பால்வாடி டீச்சராம்.

இவர் என்னை உள்ளே கூப்பிட்டு, "தனியா வந்த பொம்பளை. என்ன ஏதுன்னு கேட்டியா?"

கேக்கலை. சாவியைக் கொடுத்துட்டேன்.


செப். 2, புதன்

வெயில். துணி காய்ஞ்சுது. மோட்டார் சரியாச்சு, உள்ள ஏதோ வாஷர்.

மாடிக்குப் போனா ராஜேஸ்வரி பழைய கிண்ணம் ஒண்ணு கேட்டாங்க. எதுக்குன்னு பார்த்தா டை கலக்கறதுக்கு! யாத்திரை வந்த இடத்துல டை. மல்லிகா மொட்டை மாடி சுவர் தாண்டி எட்டிப் பார்த்துட்டு ஒரே சந்தோஷமா ஓடி வந்துட்டா. அவ பிரஷ்ஷாலயே பின்னந்தலைக்கு அடிச்சு விட்டா. நான் சும்மா உக்காந்திருந்தேன்.

மல்லிகா: "எத்தனை நாளைக்கு ஒரு தடவைங்க?"

"இருபது நாள். தவறவே மாட்டேன்."

"அம்மாடி! நான் பொங்கலுக்கு ஒண்ணு, தீபாவளிக்கு ஒண்ணு, நடுவுல கல்யாணம் வந்தா ஒண்ணு."

அப்புறம் மருமக, பையன், கேஸ் சிலிண்டர், முழங்கால் வலி எல்லாம். மல்லிகா பையன் வேலைக்குப் போகாம படுத்துக்கிட்டே டி.வி. பார்க்கறானாம். "அவங்கப்பன் தலை நரைச்சுது, என் தலை நரைச்சுது, ரெண்டுக்கும் காரணம் அவன் ஒருத்தன்தான்."

நடுவுல ராஜேஸ்வரி, சாதாரணமா, கிண்ணத்தைக் கழுவிக்கிட்டே சொன்னாங்க:

"எங்க வீட்டுக்காரரைத் தேடித்தாங்க வந்தேன்."

பதினோரு வருஷம் ஆச்சாம். ரைஸ் மில்லுல கணக்கு எழுதிட்டு இருந்தவர். ரெண்டு சிநேகிதங்களோட பௌர்ணமிக்கு மலை சுத்தணும்னு கிளம்பினார். சிநேகிதங்க திரும்பி வந்தாங்க. அவர் வரலை. மூணு மாசம் கழிச்சு ஒரு கார்டு: என்னைத் தேட வேண்டாம். அவ்வளவுதான். இந்த ஆடியில அவங்க ஊர்க்காரர் ஒருத்தர் கிரிவலப் பாதையில, குபேர லிங்கத்துகிட்ட அவர் மாதிரியே ஒரு சாமியாரைப் பார்த்தாராம்.

பொண்ணு சுமதிக்கு ஐப்பசி கடைசியில கல்யாணம். "சம்பந்தியம்மா நேராவே கேட்டுட்டாங்க. பத்திரிகையில மாப்பிள்ளை வீட்டுப் பேரெல்லாம் ரெடி, உங்க வீட்டுக்காரர் பேருக்கு முன்னால திரு போடறதா, அமரர் போடறதான்னு. எனக்கு பதில் தெரியலைங்க."

போட்டோ காட்டினாங்க. சட்டை பாக்கெட்ல பேனா, அடர்த்தியா கறுப்பு முடி, இடது புருவத்துல ஒரு வெட்டு.

மல்லிகா வாங்கிப் பார்த்தா. "இந்தக் கறுப்பு முடிப் போட்டோவை வெச்சுக்கிட்டு எப்படிங்க தேடுவீங்க? அவருக்கும் நரைச்சிருக்குமே. தாடி வேற."

ராஜேஸ்வரி கட்டை விரலால முடியையும் வாயையும் மறைச்சுக் காட்டினாங்க. கண்ணும் மூக்கும்தான் மிச்சம். "இப்படித்தான் பார்த்துப் பழகிக்கிட்டு இருக்கேன்."

"அப்ப நீங்க எதுக்கு டை?"

"நான் மாறிட்டா அவருக்கு அடையாளம் தெரியாம போயிடும் இல்லீங்களா. போனப்போ எனக்கு ஒரு நரை கிடையாது."

மல்லிகா பிரஷ்ஷை எடுத்துப் பேப்பர்ல சுத்தினா.


செப். 3, வியாழன்

இட்லி, தக்காளி சட்னி. இவருக்கு ரசத்துல உப்பு ஜாஸ்தி.

ராஜேஸ்வரி கூட நான் போனேன். மல்லிகாவுக்கு முட்டி வலி. எனக்கு வேற வேலையில்லை. ஆட்டோவுல குபேர லிங்கம் வரைக்கும். அங்கேயிருந்து பின்பக்கமா நடை, வாயு லிங்கம், அடி அண்ணாமலை. ஒவ்வொரு காவி வேட்டி முன்னாலயும் நின்னு குனிஞ்சு பார்த்தாங்க. சில பேர் திருநீறு கொடுத்தாங்க. ஒருத்தர் திட்டினார். வயசான ஒருத்தர் மட்டும், "புருசனாம்மா? வாரத்துக்கு ரெண்டு பேர் வந்து தேடுறீங்க"ன்னார்.

கிடைக்கலை. செருப்பு வார் அறுந்துது. ஊக்கு குத்தி நடந்தேன்.

செந்தில் போன், சென்னையில இருந்து. "என்னம்மா, எப்படியிருக்கே?" நல்லாயிருக்கேன். "அப்பா?" நல்லாயிருக்கார். "சரி, வெக்கிறேன்."


செப். 4, வெள்ளி

மத்தியானம் வரைக்கும் மழை. எங்கேயும் போகலை. ராஜேஸ்வரி கீழே வந்து எனக்கு முருங்கைக்கீரை உருவிக் கொடுத்தாங்க. இவர் ஹாலைவிட்டு எழுந்து பேப்பரை எடுத்துக்கிட்டு உள் ரூமுக்குப் போயிட்டார்.

ஆபரேஷனைப் பத்தி நானா சொன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியலை. மல்லிகாகிட்ட கூட இவ்வளவு சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த அன்னிக்கு இவர் கேட்ட முதல் வார்த்தை, "இனிமே சமையல் எப்பலேர்ந்து?" அதைச் சொன்னேன். கெட்ட மனுஷன் இல்லைன்னும் சொன்னேன். கோவம் வரணும்தானே, அதுவும் வரலைன்னு சொன்னேன்.

ராஜேஸ்வரி கீரைக் காம்பை ஒரு பக்கம் தள்ளிக்கிட்டே, "எனக்கு முதல் நாலு வருஷம் அழுகை. அப்புறம் கோவம். அதுக்கப்புறம் ஒண்ணுமில்லை. தலைக்கு டை மட்டும் அடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.


செப். 5, சனி

பௌர்ணமிக் கூட்டம் மத்தியானமே வந்தாச்சு. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலயே நிறுத்திட்டானாம். சாயங்காலம் ரோட்டை அடைப்பாங்க, அதுக்குள்ள ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்னு ரெண்டு மணிக்குக் கிளம்பினோம். இந்தத் தடவை ஆட்டோ இல்லை. வீட்டுல இருந்தே நடந்தோம்.

பத்து நிமிஷம்தான். செங்கம் ரோட்டை விட்டு மலைப்பாதை திரும்புற இடம், புளியமரத்தடி, ஒரு அம்மா டீக்கடை வெச்சிருக்காங்க. அதுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தார். காய்கறி வாங்க எத்தனை தடவை அவரைத் தாண்டிப் போயிருப்பேன்.

தலை முழுக்க வெள்ளை. தாடி நெஞ்சு வரைக்கும். புருவத்துல வெட்டு.

ராஜேஸ்வரி என் முழங்கையைப் பிடிச்சாங்க. அப்புறம் விட்டுட்டு அவர் எதிர்ல போய் உக்காந்தாங்க, ஈர மண்ணுன்னு கூடப் பார்க்காம.

"நான் ராஜேஸ்வரி."

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தை, அப்புறம் தலையை.

"ராஜேஸ்வரிக்கு இந்நேரம் நரைச்சிருக்கும்மா"ன்னார்.

குரல்ல கேலி இல்லை, கோவம் இல்லை. விலாசம் தப்புன்னு தபால்காரர் சொல்வாரே, அந்த மாதிரி.

இது டை, நான் அடிச்சிருக்கேன்னு அவங்க சொல்வாங்கன்னு நின்னேன். சொல்லலை. "சுமதிக்கு ஐப்பசியில கல்யாணம்"னு மட்டும் சொன்னாங்க.

"நல்லா இருக்கட்டும்." திருநீறு எடுத்துக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், அதே அளவு.

திரும்பி வர்ற வழியில எதிர்ல கூட்டம் கூட்டமா ஜனங்க, குழந்தைங்களைத் தோள்ல தூக்கிக்கிட்டு. ஒருத்தி புருஷன்கிட்ட, "தண்ணி பாட்டிலை எங்கே விட்டே?"ன்னு கத்திக்கிட்டே போனா.

வீட்டுக்கு வந்து அவங்களுக்கு மோர் சாதம். சாப்பிட்டாங்க.


செப். 6, ஞாயிறு

காலை ஆறரைக்கு ராஜேஸ்வரி கிளம்பிட்டாங்க. மல்லிகா பூ கொண்டு வந்தா. வாங்கி வெச்சுக்கிட்டாங்க.

வாசல்ல நின்னு சொன்னாங்க: "அமரர்னே போட்டுடறேன்க்கா. எனக்கு பதில் கிடைச்சிடுச்சு. நாளைக்குப் பிரஸ்ஸுல சொல்லணும்."

மல்லிகா, "ஐயோ, உயிரோட இருக்கிற மனுஷனைப் போயி!"

"என்னைத் தெரியலைன்னா, அந்த மனுஷன் இல்லைதானே?"

அது டைன்னு அவர்கிட்ட நானாவது சொல்லியிருக்கணுமோ. ரூமைத் துடைச்சேன். பெட்ஷீட் ஊறப்போட்டேன். இவர் ராத்திரிக்கு உப்புமா போதும்னார்.


செப். 7, திங்கள்

சிலிண்டர் வந்துது. தலைவலி.


செப். 8, செவ்வாய்

எதுக்குப் போனேன்னு கேட்டா தெரியாது. மாத்திரை வாங்கப் போனவ, மருந்துக்கடையைத் தாண்டி நடந்துகிட்டே இருந்தேன். அவர்கிட்ட அது டைன்னு சொல்லிடலாம்னு இருந்திருக்கும்.

புளியமரத்தடி காலி. சாக்கு கூட இல்லை.

டீக்கடை அம்மாவைக் கேட்டேன். "அவரா? சனிக்கிழமையே போயிட்டாருங்க. எட்டு வருஷமா இதே எடம், பௌர்ணமிக்கு மலை சுத்தறதைத் தவிர மழையில கூட நகர மாட்டாரு. அன்னிக்கு நீங்க ரெண்டு பேர் வந்து பேசிட்டுப் போனீங்க இல்ல, அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தாரு. டீ கொடுத்தேன், ஆறிப்போச்சு. அப்புறம் மூட்டையைக் கட்டிக்கிட்டு, குடியாத்தம் பஸ் எங்கே நிக்கும்னு கேட்டாரு. டவுனைத் தாண்டி பௌர்ணமி ஸ்டாண்டுக்குப் போவணும்னேன்."

"போனாரா?"

"எங்கே! டவுன் பக்கம் நாலடி வெச்சாரு. நின்னாரு. திரும்பி வந்து இப்படிக்கா செங்கம் பக்கம் நடக்க ஆரம்பிச்சிட்டாரு. பெங்களூர் பஸ் எதையோ கை காட்டி ஏறினதா பூக்கடைக்காரன் சொன்னான்."

நாங்க ரெண்டு பேரும் அவர்கிட்ட ஊர் பேரே சொல்லலை. குடியாத்தம்னு நானும் சொல்லலை, அவங்களும் சொல்லலை. வர்ற வழி பூரா அதையே யோசிச்சேன். நடு ரோட்டுல லாரிக்காரன் திட்டினான்.

மல்லிகாகிட்ட சொன்னேன். "விட்டுடுங்கக்கா. அந்தம்மா ஒரு வழியா முடிச்சுட்டுப் போயிருக்காங்க. மறுபடியும் எதுக்குக் கிளறிவிடணும்?"

இவர், சாப்பிடறப்போ, தட்டைப் பார்த்துக்கிட்டே: "அந்தம்மா வீட்டுக்காரர் கிடைச்சாரா?"

இவருக்கு எப்படித் தெரியும்? மாடியில பேசறதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கார். கிடைச்சார், போயிட்டார்னேன். இவர் ரொம்ப நேரம் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார்.


செப். 9, புதன்

மாத்திரை வாங்கியாச்சு. கோதுமை இன்னும் போகலை.

மல்லிகா சொல்றது சரியா இருக்கலாம். ஆனா பிரஸ்ஸுல அச்சடிச்சிருப்பாங்களோ. இன்னும் அடிக்கலைன்னா? அடிச்சாச்சுன்னாலும் அந்தம்மாவுக்குத் தெரியணும்தானே. பதினோரு வருஷம் இருபது நாளைக்கு ஒரு தடவை. நாளெல்லாம் இதே. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுது.


செப். 10, வியாழன்

ரூம் நோட்டுல ராஜேஸ்வரி எழுதின விலாசம் இருந்துது. இன்லேண்ட் லெட்டர் ஒண்ணு எடுத்து உக்காந்தேன். முதல்ல நலம் நலமறிய ஆவல்னு எழுதி அடிச்சேன். அப்புறம் இவ்வளவுதான் எழுதினேன்:

நீங்க போன பிறகு விசாரிச்சேன். அவர் சனிக்கிழமை சாயங்காலமே கிளம்பிட்டார். குடியாத்தம் பஸ் எங்கே நிக்கும்னு கேட்டிருக்கார். ஏறினது பெங்களூர் பஸ்ஸாம். அவருக்கு உங்களைத் தெரிஞ்சிருக்கு. விமலா.

ரெண்டு பஸ்ஸையும் எழுதிட்டேன். ஒண்ணை மறைச்சு எழுத மனசு வரலை. எதை வெச்சுக்கணும், எதை விடணும்னு அவங்க பார்த்துப்பாங்க.

எழுதி முடிச்சதும் பசிச்சுது. பயங்கரப் பசி, வயிறு கிள்ளற மாதிரி. நின்னுக்கிட்டே பழைய சாதம், ஊறுகாய், காலையில மிஞ்சின ரெண்டு தோசை. பருக்கையை வெச்சே லெட்டரை ஒட்டினேன்.

செருப்பு மாட்டறப்போ ஹால்ல இருந்து இவர், "விமலா, காபி?"

தபால் பெட்டியில மூணரைக்கு எடுத்துடுவாங்க. நீங்க பாலைச் சுட வைங்கன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன்.