அம்மா பக்கத்துக் கதவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம், காரும் சௌக்கியம் என்று முதலில் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். உனக்கு இருமல் நின்றதா, வேலைக்குப் போகும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள்கிறாயா என்று கேட்கிறார். நம் பழைய டீசல் காருக்குப் பெரிய இன்ஜின் மாற்றியாகிவிட்டது, நாளையிலிருந்து மறுபடியும் மலை ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு நம் வண்டிதான், நீ வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே என்றும் சொன்னார். சொல்லிவிட்டு வண்டியைக் கழுவப் போய்விட்டார். இனி வருவது நானாக எழுதுவது.

முதலில் கதவுதான் என் கண்ணில் பட்டது. அம்மா உட்காரும் பக்கத்து முன்கதவு, விரலால் தள்ளினாலே மூடிக்கொள்ளுமே, அதை இப்போது தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது. ஒர்க்ஷாப் மாமாவிடம் சொன்னேன். எண்ணெய் விட்டா சரியாயிடும், அதுக்கும் வயசாகுதில்ல என்று சிரித்தார். அவர் எதற்குத்தான் சிரிக்கமாட்டார். பழைய இன்ஜினோடு மேட்டு வளைவில் எல்லோரும் இறங்கி நடப்பார்கள், உனக்குத் தெரியும். ஒரு நாள் ஒரு நர்ஸக்கா, அண்ணே, கார் எங்களை ஏத்திக்கிட்டுப் போகுதா, நாங்க காரை ஏத்திக்கிட்டுப் போறோமா என்று கேட்டுவிட்டாள். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கேயோ கவிழ்ந்த வேனிலிருந்து இந்த இன்ஜினைக் கொண்டுவந்தார். அது நம் காருக்குள் உட்காரவில்லை, அடிப்பக்கம் இடித்தது. அதனால் ஒர்க்ஷாப்பில் இன்ஜினுக்குக் கீழே குறுக்கே போகும் இரும்புச் சட்டத்தை நடுவில் வெட்டிவிட்டு, மெல்லிய தகடு ஒன்றை வைத்து வெல்டிங் செய்துவிட்டார்கள். வண்டியின் முன்பக்கத்தையே அந்தச் சட்டம்தான் தாங்குகிறதாம், கதவு இறங்கியதும் அதனால்தானாம், பக்கத்துப் பட்டறை வெல்டர் பிறகு சொன்னார். திரும்ப ஒட்டினா பக்கத்துல விரிசல் விடும், இனி செய்றதுக்கு ஒண்ணுமில்லைம்மா என்றார். பழைய இன்ஜினை உடைத்து இரும்பாக விற்றாகிவிட்டது.

காலையில் குனிந்து பார்த்தேன். தகட்டின் ஓரம் விரிந்து, என் நகம் உள்ளே போகிறது. பிரேக்கும் பழையதுதான். ஏறுவது ஏறிவிடும், இறங்க வேண்டுமே அண்ணா. அப்பாவிடம் சொன்னேன். பாதியில பள்ளிக்கூடத்தை விட்டவ எனக்கு வண்டி சொல்லித் தர்றியா, ஏறுதில்ல, அப்புறம் என்ன என்றார். அம்மாவிடம் போனால், அந்த மனுஷன் இப்பத்தான் சிரிக்கிறாரு, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு என்கிறாள். ஆஸ்பத்திரிச் சலவை வேலைக்கு நாளைக்கு அவளும் அதே காரில், அதே கதவுப் பக்கம்தான் போகிறாள். இந்த ஓட்டமும் போனால் அப்பாவை வேறு யாரும் கூப்பிடமாட்டார்கள். ஓடினாலும் போச்சு, நின்றாலும் போச்சு. நீ அங்கிருந்து என்ன செய்வாய், உன்னைக் குறை சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நல்லா இருப்பான் என் பிள்ளை என்று அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அப்பாவுக்காக,
உன் தங்கச்சி

காருக்கு இருந்த இரண்டு சாவிகளில் ஒன்று நீ போகும்போது உன் பையிலேயே போய்விட்டது. ஆணியில் தொங்கிய மற்றதை இந்த உறைக்குள் வைத்து ஒட்டுகிறேன்.